வழிவிடும் கலம்

மாந்தன் காற்றைப் பாயில் அடக்கிக் கடலைக் கடக்கக் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆயினும், எதிரெதிரே வரும் இரண்டு பாய்க்கலங்களுள் எது விலக வேண்டும் என்னும் வினாவுக்கு எழுத்து வடிவில் பொதுவான விடை கிடைத்து இன்னும் 200 ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. அதற்கு முன்னர் அவ்விடை மாலுமிகளின் வாயிலும் வழக்கத்திலும் மட்டுமே வாழ்ந்து வந்தது.

நிலத்தில் செல்வோனுக்குப் பாதை உண்டு. பாதைக்கு ஓரம் உண்டு. வண்டிக்கு நிறுத்துகருவி உண்டு. கடலில் இம்மூன்றும் இல்லை. எத்திசையிலும் செல்லலாம் என்பதால் எத்திசையிலிருந்தும் ஆபத்து வரலாம். பாய் விரித்து ஓடும் கலத்தை நினைத்தவுடன் நிறுத்தவும் இயலாது. ஆகவே, கடலில் இருவர் சந்திக்கும்போது அவர்களைக் காப்பது இருவரும் முன்னரே ஒப்புக்கொண்ட ஒரு விதியே ஆகும். அவ்விதி எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, அதன் உள்ளே உறையும் அறம் யாது என்பவற்றை வரலாற்று வழிநின்று காண்பது பயனுடையது.

காற்றும் கலமும்

விதியை அறியுமுன் பாய்க்கலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். எந்தப் பாய்க்கலமும் காற்று வரும் திசையை நோக்கி நேராகச் செல்ல இயலாது. இக்காலப் பந்தயப் படகு காற்றின் திசையிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகிச் செல்லவல்லது. குறுக்குப் பாய்கள் கட்டிய பழைய பெருங்கப்பல்களோ ஏறத்தாழ 67 பாகை விலகியே செல்ல முடிந்தது. ஆகவே, காற்று வரும் திசையில் உள்ள ஊரை அடைய விரும்பிய மீகாமன், ஒருமுறை வலமாகவும் ஒருமுறை இடமாகவும் சாய்ந்து சாய்ந்து, மலைப்பாதையில் ஏறுவதைப் போல் வளைந்து வளைந்து செல்ல வேண்டியிருந்தது. இவ்வாறு செல்லும் கலத்தை எதிர்க்காற்றில் ஏறும் கலம் எனலாம். காற்றைப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ பெற்று எளிதாகச் செல்வதைத் துணைக்காற்றில் ஓடும் கலம் எனலாம்.

இவ்விரண்டின் நிலையும் ஒன்றன்று. எதிர்க்காற்றில் ஏறும் கலம் காற்றை நோக்கிச் சிறிது திரும்பினாலும் பாய் காற்றை இழந்து படபடக்கும். கலம் அசைவற்று நின்றுவிடும். மறுபுறம் திரும்பினால், பெருமுயற்சியால் ஏறிவந்த தொலைவு வீணாகும். துணைக்காற்றில் ஓடும் கலத்துக்கோ இருபுறமும் திரும்ப இடம் உண்டு. எனவே, எளிதாகத் திரும்பவல்ல கலம் அரிதாகத் திரும்பும் கலத்துக்கு வழிவிட வேண்டும் என்பது மாலுமிகளிடையே வழக்கமாயிற்று. கலத்தின் பருமனோ, அதிலுள்ள சரக்கின் மதிப்போ, அதன் தலைவனின் பதவியோ இவ்வழக்கத்தில் இடம்பெறவில்லை என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இரண்டு கலங்களும் எதிர்க்காற்றில் ஏறுவனவாயின் இருவர் இடரும் சமமாகிவிடுகிறது. அங்கே இடரைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொள்வதே வழி. வலப்புறத்தில் காற்றை ஏற்றுச் செல்லும் கலம் தன் போக்கில் செல்லலாம். இடப்புறத்தில் காற்றை ஏற்றுச் செல்லும் கலம் விலக வேண்டும் என்று மாலுமிகள் கொண்டனர். எந்தப் பக்கம் தேர்ந்துகொள்ளப்பட்டது என்பதைவிட, எல்லாரும் அதே பக்கத்தைத் தேர்ந்துகொண்டனர் என்பதே இங்கு முதன்மையானது.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். காற்று வடக்கிலிருந்து வீசுகிறது. ஒரு படகு வடமேற்கு நோக்கிச் செல்கிறது. அதன் வலப்புறத்தில் காற்றுப் படுகிறது. அதற்கு மேற்கே உள்ள மற்றொரு படகு வடகிழக்கு நோக்கி வருகிறது. அதன் இடப்புறத்தில் காற்றுப் படுகிறது. இரண்டும் ஒரு புள்ளியை நோக்கி நெருங்குகின்றன. இரண்டாம் படகு வலப்புறம் திரும்பி, முதற்படகின் பின்புறமாகக் கடந்து செல்ல வேண்டும். முதற்படகு தன் போக்கை மாற்றாமல் செல்ல வேண்டும்.

வழக்கம் எழுத்தானது

இங்கிலாந்தின் கடல்வழக்கு மன்றத்தில் 1815ஆம் ஆண்டில் உட்ராப் சிம்ஸ் என்னும் கப்பலைப் பற்றிய வழக்கு ஒன்று விசாரிக்கப்பட்டது. பின்னர் ஸ்டோவல் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் ஸ்காட் அதன் நடுவர். கப்பல் மோதலில் நான்கு நிலைகள் உண்டு என அவர் வகுத்துக் காட்டினார். இருவர் மீதும் குற்றமில்லாது இயற்கையால் நேர்வது ஒன்று. இருவரும் குற்றமுடையராவது மற்றொன்று. இழப்புக்கு ஆளானவரே குற்றமுடையவராவது மூன்றாவது. மோதிய மற்றவரே குற்றமுடையவராவது நான்காவது. துணைக்காற்றில் ஓடும் கலம் எதிர்க்காற்றில் ஏறும் கலத்துக்கு விலகிச் செல்லக் கடமைப்பட்டது என்பதையும் அவர் அத்தீர்ப்பில் சட்டமாகவே ஏற்றுக்கொண்டார். மாலுமிகளின் வழக்கம் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இருவரும் குற்றமுடையராயின் இழப்பைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அக்கால ஆங்கிலக் கடல்வழக்கு மன்றத்தின் முறை. சிறு தவறு செய்தவரும் பெருந்தவறு செய்தவரும் ஒரே அளவில் இழப்பை ஏற்றனர். குற்றத்தின் அளவுக்கேற்ப இழப்பைப் பகிரும் முறை 1910ஆம் ஆண்டுப் பிரசல்ஸ் உடன்படிக்கையாலும், அதைத் தழுவிய 1911ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தாலும் வந்தது.

வழக்கத்தை முறையாகத் தொகுத்து வெளியிட்ட பெருமை லண்டன் டிரினிட்டி ஹவுஸ் என்னும் அமைப்பைச் சாரும். எட்டாம் ஹென்றி மன்னர் 1514ஆம் ஆண்டில் அளித்த பட்டயத்தால் நிறுவப்பட்ட இவ்வமைப்பு, கப்பல் வழிகாட்டிகளையும் கலங்கரை விளக்கங்களையும் மேற்பார்வையிட்டு வந்தது. 1840ஆம் ஆண்டில் அது வெளியிட்ட விதிகளில், மேலே கூறப்பட்ட பாய்க்கலங்களின் வழக்கங்கள் எழுத்து வடிவம் பெற்றன.

அவ்விதிகளில் நுட்பமான கருத்து ஒன்று உள்ளது. நீராவிக் கப்பல் அப்போது கடலுக்குப் புதியது. அதை எந்த வகையில் சேர்ப்பது என்னும் ஐயம் எழுந்தது. நீராவிக் கப்பலை எப்போதும் துணைக்காற்றில் ஓடும் பாய்க்கலத்துக்கு ஒப்பாகக் கருத வேண்டும் என டிரினிட்டி ஹவுஸ் முடிவு செய்தது. காற்று எத்திசையில் வீசினும் அது விரும்பிய பக்கம் திரும்பவல்லது அன்றோ? ஆகவே அது பாய்க்கலங்களுக்கு வழிவிட வேண்டும். புதிய பொறிக்காகப் புதிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. எளிதாகத் திரும்புவோன் விலக வேண்டும் என்னும் பழைய அறமே நீராவிக்கும் போதுமானதாக இருந்தது.

இரவின் இடரும் விளக்கின் துணையும்

விதி எழுதப்பட்டதனால் இடர் நீங்கிவிடவில்லை. வலப்புறக் காற்றா, இடப்புறக் காற்றா என்பது பகலில் தெரியும். இருளில் எவ்வாறு தெரியும்? காணப்படாத கலத்துக்கு எவ்வாறு வழிவிடுவது? இக்குறையை நீக்க வண்ண விளக்குகள் வந்தன. 1848ஆம் ஆண்டில் ஆங்கில நீராவிக் கப்பல்களுக்கு வலப்புறம் பச்சை விளக்கும் இடப்புறம் சிவப்பு விளக்கும் விதிக்கப்பட்டன. 1858ஆம் ஆண்டில் பாய்க்கப்பல்களுக்கும் இவ்வண்ண விளக்குகள் கட்டாயமாயின. எதிரே தெரியும் விளக்கின் நிறத்தைக் கொண்டு அக்கலத்தின் எப்பக்கம் தன்னை நோக்கியுள்ளது என்பதை மாலுமி இருளிலும் அறிந்துகொள்ள முடிந்தது.

இதற்கிடையில் தவறான சட்டம் ஒன்றும் தோன்றி மறைந்தது. 1854ஆம் ஆண்டின் ஆங்கில வணிகக் கப்பல் சட்டம், எதிரெதிரே சந்திக்கும் கப்பல்கள், பாய்க்கப்பலாயினும் நீராவிக் கப்பலாயினும், ஒன்றையொன்று இடப்புறமாகக் கடக்குமாறு திரும்ப வேண்டும் எனப் பொதுவாக விதித்தது. நீராவிக்குப் பொருந்திய இவ்விதி, காற்றுக்குக் கட்டுப்பட்ட பாய்க்கலத்துக்குப் பொருந்தவில்லை; குழப்பமே மிஞ்சியது. ஆகவே பிரிட்டனும் பிரான்சும் கலந்து பேசிப் புதிய விதிகளை வகுத்தன. அவை 1863ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. பாய்க்கலங்களின் பழைய வழக்கம் அவற்றில் மீண்டும் உரிய இடத்தைப் பெற்றது. 1864ஆம் ஆண்டு முடிவதற்குள் 30க்கும் மேற்பட்ட நாடுகள் இவ்விதிகளை ஏற்றுக்கொண்டன. பல நாட்டுக் கப்பல்கள் ஒரே விதிக்கு அடங்கி நடக்கும் நிலை அப்போதுதான் உருவாயிற்று.

எழுத்தறிவு அருகியிருந்த மாலுமிகளுக்கு இவற்றை எவ்வாறு கற்பிப்பது? பிரிட்டிஷ் வணிக வாரியத்தின் கடல்துறை அதிகாரியான தாமஸ் கிரே, 1867ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுநூலில் வழிவிதிகளை எளிய செய்யுள்களாக அமைத்தார். வாய்பாட்டை ஓசையோடு ஓதி மனத்தில் நிறுத்தும் முறையை அறிந்த ஆசிரியர்களுக்கு அதன் பயனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆபத்து நெருங்கும் வேளையில் ஏட்டைப் புரட்ட நேரம் இராது. செய்யுள் நாவில் இருந்தால் கை தானே சுக்கானைத் திருப்பும்.

விதி இருந்தும் உயிர்கள் மாண்ட நிகழ்ச்சிகளும் உண்டு. 1873ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் பின்னிரவில், நியூயார்க்கிலிருந்து பிரான்சுக்குச் சென்றுகொண்டிருந்த வீல் டு ஆவ்ர் என்னும் பிரெஞ்சு நீராவிக் கப்பலும், லாக் எர்ன் என்னும் பிரிட்டிஷ் பாய்க்கப்பலும் அட்லாண்டிக் பெருங்கடலில் மோதின. நீராவிக் கப்பல் ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்களில் மூழ்கியது. 226 பேர் மாண்டனர். எஞ்சியோரைக் காத்தது மோதிய அப்பாய்க்கப்பலே. முகப்பு சிதைந்த அக்கப்பலும் பின்னர்க் கடலில் மூழ்கியது. நீராவிக் கப்பல் விலக வேண்டும், பாய்க்கப்பல் தன் போக்கில் செல்ல வேண்டும் என்னும் விதி அன்று நடைமுறையில்தான் இருந்தது. விதியை அறிந்திருத்தல் மட்டும் போதாது. உரிய நேரத்தில் கண்டு, உரிய நேரத்தில் திரும்பினால்தான் விதி உயிர் காக்கும்.

உலகப் பொதுவிதி

1889ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அழைப்பை ஏற்றுப் பல நாடுகள் வாஷிங்டனில் கூடின. அம்மாநாட்டில் செம்மையாக்கப்பட்ட விதிகள் 1897ஆம் ஆண்டில் பிரிட்டன், அமெரிக்கா முதலிய நாடுகளில் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பாய்க்கலங்களுக்குரிய விதி ஐந்து பிரிவுகளாக இருந்தது. எதிர்க்காற்றில் ஏறுவது எது, துணைக்காற்றில் ஓடுவது எது, காற்று எப்பக்கம் படுகிறது, காற்றுக்கு அருகில் இருப்பது எது, காற்றை நேர் பின்னால் பெற்றுச் செல்வது எது என ஐந்து வகையாக மாலுமி ஆராய வேண்டியிருந்தது.

இவ்விதியில் ஒரு குறை இருந்தது. ஒரு கலம் எதிர்க்காற்றில் ஏறுகிறதா, சற்றே துணைக்காற்றில் செல்கிறதா என்பது அக்கலத்தில் இருப்பவனுக்கே நன்கு தெரியும். தொலைவிலிருந்து காண்பவன் ஊகிக்கவே முடியும். ஒருவன் தன்னைப் பற்றி அறிந்ததும், மற்றவன் அவனைப் பற்றி ஊகித்ததும் வேறுபடுமானால், இருவரும் விதிப்படி நடந்தே மோதிக்கொள்ள நேரும்.

1960ஆம் ஆண்டில் லண்டனில் கூடிய மாநாடு இக்குறையை நீக்கியது. அதன் விதிகள் 1965ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தன. ஐந்து பிரிவுகள் இரண்டாகச் சுருங்கின. இரண்டு கலங்களுக்கும் காற்று வெவ்வேறு பக்கங்களில் படுமாயின், இடப்புறத்தில் காற்றைப் பெறும் கலம் விலக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பக்கத்தில் காற்றுப் படுமாயின், காற்று வரும் பக்கத்தில் உள்ள கலம் மற்றதற்கு விலக வேண்டும். காற்று வரும் பக்கம் எது என்பதற்கும் அவ்விதி விளக்கம் தந்தது: முதன்மைப் பாய் எப்பக்கம் விரிந்துள்ளதோ அதற்கு எதிர்ப்பக்கமே காற்று வரும் பக்கம். பாயைத் தொலைவிலிருந்தும் காணலாம். ஆகவே, கலத்தில் இருப்பவனும் எதிரே வருபவனும் ஒரே அடையாளத்தைக் கண்டு ஒரே முடிவுக்கு வரலாயினர்.

பாய்க்கலங்களின் விதி இவ்வாறு செம்மையுற்ற காலத்தில் பாய்க்கப்பல் வணிகம் மறைந்துவிட்டிருந்தது என்பது வரலாற்றின் விந்தையாகும். 1949ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியத் தானியத்தை ஏற்றிக்கொண்டு தென் அமெரிக்காவின் ஹார்ன் முனையைச் சுற்றிவந்த பாமிர் என்னும் கப்பலே, சரக்கோடு அம்முனையைக் கடந்த கடைசிப் பாய்க்கப்பல். ஆயினும் மீன்பிடி படகுகளும், பயிற்சிக் கப்பல்களும், பந்தயப் படகுகளும் காற்றை நம்பியே கடலில் உலவி வந்தன. உயிர் உள்ள வரையில் விதியும் தேவை.

1972ஆம் ஆண்டின் விதிகள்

இன்று உலகக் கடல்களில் நடைமுறையில் இருப்பவை 1972ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ஏற்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மோதல் தவிர்ப்பு விதிகளாகும். பின்னர் அவ்வப்போது திருத்தங்கள் செய்யப்பட்டனவாயினும் அடிப்படை மாறவில்லை. இவற்றுள் 12ஆம் விதி பாய்க்கலங்களைப் பற்றியது. 1960ஆம் ஆண்டின் இரு பிரிவுகளோடு மூன்றாவது ஒன்றும் இதில் சேர்ந்தது. இடப்புறத்தில் காற்றைப் பெறும் கலம், காற்று வரும் பக்கத்தில் வேறொரு பாய்க்கலத்தைக் கண்டு, அதற்குக் காற்று எப்பக்கம் படுகிறது என உறுதியாக அறிய இயலாவிடின், தானே விலகிவிட வேண்டும். இருளில் விளக்கு மட்டுமே தெரியும், பாய் தெரியாது. அத்தகைய ஐயப்பாட்டில் தனக்குச் சாதகமாக முடிவு செய்துகொள்ளாமல் வழிவிடுவதே கடமை என்று இவ்விதி கூறுகிறது.

13ஆம் விதியின்படி, பின்னிருந்து முந்திச் செல்லும் கலம் எதுவாயினும் முன்னுள்ள கலத்துக்கு விலக வேண்டும். பாய்ப்படகு ஒன்று பொறிப்படகை முந்துமாயின் பாய்ப்படகே விலக வேண்டும். 18ஆம் விதி கலங்களின் வரிசையைக் கூறுகிறது. பொறிக்கலம் பாய்க்கலத்துக்கு விலக வேண்டும். பாய்க்கலம் மீன்பிடித்துக்கொண்டிருக்கும் கலத்துக்கு விலக வேண்டும். இவை அனைத்தும், கட்டுப்பாடு இழந்த கலத்துக்கும், செய்யும் பணியின் தன்மையால் திரும்ப இயலாத கலத்துக்கும் விலக வேண்டும். பாய் விரித்திருந்தாலும் பொறியை இயக்கிச் செல்லும் படகு பொறிக்கலமாகவே கருதப்படும். எளிதாகத் திரும்பும் ஆற்றலைப் பெற்ற பின்னர்ப் பாயின் சலுகையைக் கோர இடமில்லை.

இவ்விதிகள் எந்தக் கலத்துக்கும் வழியுரிமை என ஒன்றை வழங்கவில்லை என்பது கருதத்தக்கது. வழிவிடும் கலத்துக்கு ஒரு கடமை உண்டு: காலம் தாழ்த்தாமல், மற்றவர் கண்டு உணருமாறு தெளிவாக விலக வேண்டும். மற்ற கலத்துக்கும் ஒரு கடமை உண்டு: தன் போக்கையும் விரைவையும் மாற்றாமல் செல்ல வேண்டும். அது தடுமாறினால் விலகுபவனின் கணக்குப் பொய்த்துவிடும். எதிர்க்கலம் விலகவில்லை எனத் தெரியவருமானால், போக்கு மாறாக் கலமும் மோதலைத் தவிர்க்கத் தானே முயலலாம் என 17ஆம் விதி இசைவு தருகிறது. எதிர்க்கலத்தின் முயற்சி மட்டும் மோதலைத் தவிர்க்கப் போதாது என்னும் அளவுக்கு நெருங்கிவிட்டால், முயல்வது அதன் கடமையே ஆகிவிடுகிறது. முறை தன்பக்கம் இருந்தது என்று சொல்லிக்கொண்டு மூழ்குவதை விதி ஏற்பதில்லை.

மலாக்கா நீரிணையில்

பாய் விரித்த மலாய்ப் படகுகளும் தொங்கான்களும் ஒரு காலத்தில் உலவிய மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள் இன்று உலகின் பெருங்கப்பல் வழிகளுள் முதன்மையானவை. சிங்கப்பூருக்குத் தெற்கே பிலிப் கால்வாய்ப் பகுதியில் வழியின் அகலம் சுமார் 2.8 கிலோமீட்டராகக் குறுகுகிறது. 1975ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் ஷோவா மாரு என்னும் ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் நீரிணையில் தரைதட்டி எண்ணெய் கசிந்தது. இந்நீரிணைகளில் எதிர்த்திசைப் போக்குவரத்தைப் பிரித்துச் செலுத்தும் திட்டம் 1977ஆம் ஆண்டில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பால் ஏற்கப்பட்டு, 1981ஆம் ஆண்டு மே முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இத்தகைய இடங்களில் பாய்ப்படகின் நிலை மாறுகிறது. குறுகிய கால்வாயிலன்றி வேறெங்கும் செல்ல இயலாத பெருங்கப்பலுக்கும், பிரித்துவிடப்பட்ட தடத்தில் செல்லும் பொறிக்கப்பலுக்கும் பாய்ப்படகு இடையூறு செய்யலாகாது என 9, 10ஆம் விதிகள் கூறுகின்றன. திறந்த கடலில் பாய்ப்படகுக்கு விலக வேண்டிய பெருங்கப்பல், நீரிணையில் பாய்ப்படகின் ஒத்துழைப்பை எதிர்பார்க்கிறது. எண்ணெய் நிரம்பிய கப்பல் ஒன்று நிற்பதற்குப் பல கிலோமீட்டர் தொலைவு வேண்டும். பக்கவாட்டில் திரும்பினாலோ தரைதட்டும். சிறு படகு ஆழமற்ற நீரிலும் செல்லும்.

1840ஆம் ஆண்டில் காற்றுக்குக் கட்டுப்பட்ட பாய்க்கப்பல் இடர்ப்பட்டது. நீராவிக் கப்பல் விலகியது. குறுகிய நீரிணையில் இன்று பெருங்கப்பல் இடர்ப்படுகிறது. பாய்ப்படகு ஒதுங்கி நிற்கிறது. ஆள் மாறியதே அன்றி அறம் மாறவில்லை. எவனால் எளிதில் விலக முடியுமோ அவன் விலக வேண்டும் என்பதே அன்றும் இன்றும் கடலின் சட்டம். நிலத்தில் வலியோனுக்கு மெலியோன் வழிவிடுவதைக் காணும் கண்களுக்கு இது புதுமையாகத் தோன்றலாம். கடலில் இயலுமை மிக்கவனுக்கே கடமை மிகுதி.

இவ்விதித் தொகுப்பின் தொடக்கத்திலேயே இரண்டாம் விதி ஒரு பொது எச்சரிக்கையை வைத்துள்ளது. விதிகளைக் கடைப்பிடித்தேன் என்று கூறி, ஒரு மாலுமி கொள்ள வேண்டிய இயல்பான முன்னெச்சரிக்கையைக் கைவிட்ட குற்றத்திலிருந்து யாரும் தப்ப இயலாது. உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேண்டுமாயின் விதியிலிருந்து விலகவும் வேண்டும். உயிரைக் காப்பதற்காகவே விதி எழுந்தது என்பதை அவ்விதியே மறவாமல் எழுதி வைத்திருக்கிறது.